வாசிக்கத் திணறும் பதினொரு பிள்ளைகளும் நான்கு டேப்லெட்டும்

புதுச்சேரியில் பாகூர் பக்கம் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "வகுப்பில் 34 பிள்ளைகள். அதில் 11 பேருக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை. இந்த வருடம் ஏஐ பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. நான்கு டேப்லெட்டும் வாங்கித் தந்துவிட்டார்கள். எந்தச் செயலியைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்?" பார்த்தால் செயலியைப் பற்றிய கேள்வி மாதிரிதான் இருக்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரே ஆளாக நின்று 34 பேருக்கும் பாடம் நடத்திக்கொண்டே அந்த 11 பேரை எப்படிக் கரையேற்றுவது, அதற்கு இந்தக் கருவி ஏதாவது கை கொடுக்குமா என்பதுதான் டீச்சர் கேட்பது. அதற்கே பதில் சொல்கிறேன். கடைசி வரை செயலியின் பெயர் வராவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் கடலூர் மாவட்டத்தில் 23 வருடமாக இடைநிலை ஆசிரியர். முதல் பதினோரு வருடம் கடலோரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு என் தலையில். அப்புறம் பண்ருட்டிப் பக்கம் வந்துவிட்டேன். ஒன்றிய அளவில் நடக்கும் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகவும் போவதுண்டு. கணினி படித்தவன் இல்லை. ஏஐ கருவிகளை இரண்டு வருடமாகத்தான் கையில் எடுத்திருக்கிறேன், அதுவும் ஆறேழு ஆசிரியர்களோடு சேர்ந்து. வகுப்பறையைப் பற்றி நான் சொல்வதை அனுபவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கருவியைப் பற்றிச் சொல்வதில் பாதி படித்தது, பாதி போட்டுப் பார்த்தது. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று. சாட்ஜிபிடி மாதிரிப் பேசும் கருவியை எட்டு வயதுப் பிள்ளை கையில் நேராகக் கொடுக்காதீர்கள். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்று சாட்ஜிபிடியின் விதிமுறையே சொல்கிறது. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் வகுப்பறைக்கு 13 வயதைத்தான் குறைந்தபட்ச எல்லையாக வைக்கச் சொல்கிறது. நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய தரவைத் தொடப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டுதான். அதைச் சாக்காக வைத்துப் பிள்ளையின் பெயர், புகைப்படம், அப்பாவின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஏதோ ஒரு செயலியில் ஏற்றிவிட்டு வராதீர்கள். நீங்களே கருவியைப் பயன்படுத்தும்போதும் "பிள்ளை 1, பிள்ளை 2" என்று எழுதினால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன். எந்த எண் யார் என்பது என் டைரியில் மட்டும் இருக்கும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் விஷயம் எளிமையானது. வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம், வாசித்தால்தான் பயன்படுத்த முடியும் என்கிற கருவியைக் கொடுத்து என்ன செய்வது? ஏற்கெனவே நன்றாக வாசிக்கும் 23 பேரும் டேப்லெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த 11 பேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பள்ளியில் இதைக் கண்ணால் பார்த்தேன். டேப்லெட் வந்த முதல் வாரமே வகுப்பில் ஒரு "டேப்லெட் லீடர்" உருவாகிவிட்டான். அவன் எல்லாருக்கும் பதில் அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான், எல்லாருக்கும் நட்சத்திரம் வந்துகொண்டிருந்தது.

ஆக, கருவி உங்கள் மேசையில் இருக்கட்டும். பிள்ளையிடம் போவது அதிலிருந்து நீங்கள் எடுத்து, திருத்தி, காகிதத்தில் அச்சிட்ட ஒரு தாள். இதைத்தான் அடிப்படையாகச் சொல்ல வருகிறேன். மீதியெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

எங்கள் பக்கம் 2022இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஒரே பாடத்தை மூன்று நிலையில் கொடுக்கச் சொன்னார்கள். திட்டத்தைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஆயிரம் புகார் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பதைவிட எந்த நிலையில் நிற்கிறான் என்று பார்ப்பது சரியான பார்வை. உங்கள் பள்ளியில் அந்தத் திட்டம் இருக்காது. இருந்தாலும் முதல் வேலையாக 11 பேரையும் தனித்தனியே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வரவில்லை என்பது ஒரே நோய் இல்லை. ஒருவனுக்கு எழுத்தே தெரியாது. ஒருத்திக்கு எழுத்து தெரியும், கொம்பும் காலும் சேர்ந்தால் குழம்பிவிடும். "கொ" வந்தால் "கெ" என்று படித்துவிட்டுக் காலை எண்ணிக்கொண்டிருப்பாள். இன்னொருவன் எழுத்துக்கூட்டிச் சொல்வான், கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். இவர்கள் மூவருக்கும் ஒரே பயிற்சித் தாள் கொடுத்தால் மூவருக்கும் உதவாது. யார் எங்கே நிற்கிறார் என்பதை எந்தக் கருவியும் உங்களுக்காகக் கண்டுபிடிக்காது. ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம் வையுங்கள். இரண்டு நாளில் முடிந்துவிடும்.

இனி அந்தத் தாள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு நம்மிடம் இல்லாதது, அவனுக்குத் தெரிந்த எழுத்துகளை மட்டும் வைத்து எழுதிய வாசிப்புப் பகுதிகள். பாடநூலில் ஒரு எழுத்துக்கு நான்கு சொல், இரண்டு வாக்கியம் இருக்கும். அதை மூன்று நாளில் பிள்ளை மனப்பாடம் செய்துவிடுவான். அவனுக்கு வேண்டியது அதே எழுத்துகளில் நாற்பது சின்னச் சின்னத் துண்டுகள். அதை உட்கார்ந்து எழுத எந்த ஆசிரியருக்கும் நேரமில்லை. ஏஐ கருவி உண்மையில் பயன்படும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

கடலோரக் கிராமத்துப் பையன் ஒருவன். அவனுக்குக் க, ட, ப, ம, ர, ல ஆறு எழுத்தும், அவற்றின் மேல் புள்ளியும், துணைக்காலும் மட்டும் பிடிபட்டிருந்தன. கருவியிடம் இதையெல்லாம் தெளிவாகச் சொல்லி, "இந்த எழுத்துகள் மட்டும் வரும்படி கடலைப் பற்றி ஒரு வாக்கியம் எழுது" என்று கேட்டேன். வந்தது: "கடலில் படகு ஆடுகிறது." நல்ல வாக்கியம்தான். மொத்தம் 12 எழுத்து. லி, கு, ஆ, டு, கி, ற, து என்று அதில் 7 எழுத்து அவனுக்குத் தெரியாதவை. தவறைச் சுட்டிக்காட்டினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு மூன்று புது எழுத்துகளோடு இன்னொரு வாக்கியம் தந்தது. மூன்றாம் தடவையும் அதே கதை. மன்னிப்புக் கேட்பதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

இது ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இதில் சந்தேகம் இல்லை. இந்தக் கருவிகள் சொல்லை நாம் பார்க்கிற மாதிரி எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. அந்தத் துண்டு நம் எழுத்தோடு பொருந்தும் என்று கட்டாயமில்லை. போதாக்குறைக்குக் கணினியில் தமிழ் சேமிக்கப்படும் விதமே வேறு. "பட்டம்" என்பது உங்கள் வகுப்பில் 4 எழுத்து: ப, ட், ட, ம். கணினிக்குள் அது 6 குறியீடு: ப, ட, புள்ளி, ட, ம, புள்ளி. நாம் "க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க" என்று சொல்லித்தருகிறோம். கணினியோ "க"வை முதலில் வைத்துக்கொண்டு, அதன்மேல் புள்ளியை வைத்தால் "க்" என்கிறது. இலக்கணம் தலைகீழாகிவிட்டது. அதனால் தமிழ் எழுத்தை எண்ணுவது, "இந்த எழுத்து இல்லாமல் எழுது" என்பது, குறில் நெடில் பிரிப்பது மாதிரியான வேலைகளை அதனிடம் விட்டுவிட்டு நம்பி இருக்காதீர்கள். புதிய கருவிகள் முன்பைவிடத் தேவலை. ஆனாலும் ஒரு எழுத்துத் தவறிப்போனால் நமக்குச் சின்னப் பிழை, அந்தப் பையனுக்கு அது சுவர்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, வேலையைத் திருப்பிப் போட்டது. எழுத்தைக் கொடுக்காமல் சொல்லைக் கொடுத்தோம். கடல், கப்பல், மரம், காகம், பாலம், பால், படம், பட்டம், மாமா, பார், கால், கல், கா என்று நாங்களே உட்கார்ந்து சொற்பட்டியல் போட்டோம். பத்து நிமிட வேலை. பிறகு "இந்தச் சொற்களை மட்டும், இப்படியே, விகுதி சேர்க்காமல் பயன்படுத்தி, இரண்டு மூன்று சொல் வாக்கியங்களாகப் பதினைந்து எழுது" என்றோம். பதினைந்தில் ஒன்பது தேறின. அதில் ஒன்று: "மாமா, மரம் பார். காகம் பார். காகம் கா கா கா." பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பையன் "கா கா கா" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்தான். தானாக வாசித்து அதனால் சிரிப்பு வந்தது அவனுக்கு அன்றுதான் முதல் தடவை என்று அவன் வகுப்பு டீச்சர் சொன்னார். மறுவாரம் "கு"வைச் சேர்த்தோம், படகு வந்தது. அப்புறம் வேகம் பிடித்தது.

இன்னொரு தொந்தரவு கருவி எழுதும் தமிழின் வாசனை. "ஒரு ஊரில் ராஜு என்ற சிறுவன் இருந்தான். அவன் மிகவும் நேர்மையானவன்" என்றுதான் ஆரம்பிக்கும், முடிவில் ஒரு நீதி. ஆப்பிள் மரம், பண்ணை வீடு, சில சமயம் பனி பொழியும். நம் பிள்ளைகள் முந்திரித் தோப்பையும் வலையையும் கெடிலம் ஆற்றையும் பார்த்து வளர்ந்தவர்கள். அதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவைப் பற்றி நான்காம் வகுப்புக்கு ஒரு பத்தி கேட்டேன். தேர், யானை, வாணவேடிக்கை எல்லாம் போட்டு அமர்க்களப்படுத்திவிட்டது. அந்தத் திருவிழாவில் விற்கும் சுருளிக்கிழங்கைச் சேர்க்கச் சொன்னால், சர்க்கரைவள்ளியைச் சுட்டுத் தின்கிற மாதிரி எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்திருந்தால் "சார், உங்களுக்குச் சுருளிக்கிழங்கே தெரியாதா?" என்று கேட்டிருப்பான். அன்று நானே நாலு வரி எழுதிவிட்டேன். சில நேரம் அதுதான் சீக்கிரமாக முடியும்.

அடுத்தது, பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரி தவறு சொல்லும் செயலிகள். இவை தமிழிலும் இருக்கின்றன, இலவசமாகவும் கிடைக்கின்றன, சிலவற்றை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நிர்வாகம் தந்த நான்கு டேப்லெட்டுக்கு இதுதான் பொருத்தமான வேலை என்று முதலில் நினைத்தேன். இப்போதும் முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூச்சப்படும் பிள்ளை, நாற்பது பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை, ஒரு மூலையில் உட்கார்ந்து கருவியிடம் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். தப்பாகப் படித்தால் யாரும் சிரிப்பதில்லையே.

ஆனால் ஒரு நாள் நடந்தது இது. ஐந்தாறு வாரம் ஒரு செயலியில் தினமும் வாசித்து நட்சத்திரங்களைக் குவித்திருந்த ஒரு பெண் பிள்ளை. டீச்சருக்கு மகா சந்தோஷம். நான் அவள் வாசித்த அதே கதையிலிருந்து ஐந்து வாக்கியத்தை எடுத்து, சொற்களை இடம் மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளை முதல் வாக்கியத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கதையில் அந்த இடத்தில் என்ன வருமோ அதை அப்படியே சொன்னாள். பலகையில் இருந்தது வேறு. அவள் ஏமாற்றவில்லை. செயலி முதலில் வாசித்துக் காட்டும்போது கேட்டுக் கேட்டு அவளுக்குக் கதை மனப்பாடம். படம் பார்த்தால் வாக்கியம் வந்துவிடும். கருவிக்கு ஒலி சரியாக இருந்தது, நட்சத்திரம் கொடுத்தது. கண் எழுத்தின்மேல் இருந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்து, விரல் எங்கே போகிறது என்று பார்க்கிற ஒருவருக்குத்தான் தெரியும்.

உச்சரிப்பிலும் இதேபோல. பிள்ளைகள் குரலைக் கணினி பெரியவர்கள் குரல் அளவுக்குச் சரியாகப் பிடிப்பதில்லை என்பது பல மொழிகளில் தெரிந்த சங்கதி. வகுப்பு இரைச்சலில் இன்னும் மோசம். எங்களிடம் இருந்த ஒன்று "வாழப்பளம்" என்று வாசித்தாலும் பச்சை விளக்குக் காட்டியது, சரியாக "வாழைப்பழம்" என்றபோது ஒருமுறை சிவப்புக் காட்டியது. பேச்சு வழக்கில் பளம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டில் பேசுகிற தமிழை வகுப்பில் கேலி செய்கிற ஆசிரியரைத்தான் எனக்குப் பிடிக்காது. ஆனால் எழுத்தில் ழ இருக்கிறது என்று பிள்ளை கவனித்தானா என்பது வேறு கேள்வி. அதற்கும் பதில் உங்கள் காதில்தான் இருக்கிறது. ஆக, செயலியைப் பயன்படுத்தினால் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம், சத்தமில்லாத மூலை, வெள்ளிக்கிழமை அதே சொற்களைக் காகிதத்தில் மாற்றிப் போட்டு நீங்களே கேட்பது என்று வையுங்கள். நட்சத்திரத்தை மதிப்பெண் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று நிர்வாகம் கேட்கலாம். எனக்குத் தெரிந்த மூன்றைச் சொல்கிறேன். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் சோதித்தார்கள், 2024இல் வெளிவந்தது. பேசும் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளை 48 சதவீதம் கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் அமைத்துக் கொடுத்த இன்னொரு கருவியில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. இரண்டாவது, நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் 2024இல் உலக வங்கி நடத்தியது. பள்ளி முடிந்தபின் ஆறு வாரம், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, மேல்நிலை மாணவர்கள் கருவியோடு ஆங்கிலம் படித்தார்கள். நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மூன்றாவது, அதே வருடம் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 900 பயிற்றுநர்கள், 1,800 மாணவர்களை வைத்துச் செய்தது. அதில் கருவி மாணவரிடம் பேசவில்லை. பாடம் சொல்லித்தருபவருக்கு "அடுத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்" என்று யோசனை சொன்னது, அவ்வளவுதான். பாடத்தைக் கைவரப்பெற்ற மாணவர்கள் 4 சதவீதப் புள்ளி கூடினார்கள். அனுபவம் குறைந்த, தரமதிப்பு குறைந்த பயிற்றுநர்களிடம் படித்தவர்களுக்கு இன்னும் கூடுதலான பலன்.

மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது: பெரியவர் ஒருவர் நடுவில் இருந்தால் பலன், இல்லாவிட்டால் சந்தேகம். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட எட்டு வயதுப் பிள்ளை தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பற்றியது இல்லை. பதினாறு வயதுப் பையனுக்குப் பொருந்தியது இவனுக்கும் பொருந்தும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் ஆறேழு ஆசிரியர்களின் அனுபவமும் அளந்து பார்த்த ஆய்வு இல்லை. தாள் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள்; டீச்சர் அவர்கள் பக்கத்தில் கூடுதலாக உட்கார்ந்ததால் முன்னேறினார்களா, தாளாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

கணக்கு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. கடன் வாங்கிக் கழித்தலில் பிள்ளை 52இலிருந்து 37ஐக் கழித்து 25 என்று எழுதுகிறான். கவனக்குறைவு என்று நாம் சிவப்பு மை போட்டுவிடுவோம். உண்மையில் அவன் ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறான். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. தவறிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரு பிள்ளையின் பத்துப் பதினைந்து தவறான விடைகளைப் பெயரில்லாமல் கருவியிடம் கொடுத்து, "இவன் எந்த முறையில் தவறு செய்கிறான், அதைக் கண்டுபிடிக்க அடுத்து எந்த மூன்று கணக்குக் கொடுக்கலாம்" என்று கேட்டால் பெரும்பாலும் உருப்படியான பதில் வருகிறது. அவன் தவறை அவனே காணும்படி புளியங்கொட்டையும் தீக்குச்சிக் கட்டும் வைத்து உட்கார்வது நம் வேலை. கருவி தரும் விடைக்குறிப்பை மட்டும் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரண்டு இடத்தில் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஒன்று, 11 பேரில் யாருக்காவது கற்றல் குறைபாடு இருக்குமோ என்று கருவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. அது கேட்டதும் ஒரு பெயரைச் சொல்லிவிடும். அந்தப் பெயர் பிள்ளை தலையில் ஐந்தாம் வகுப்புவரை உட்கார்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள், பிறகு சிறப்பாசிரியரிடமோ மருத்துவரிடமோ அனுப்புங்கள். கரும்பலகை தெரியாமல் மெல்லக் கற்போர் பட்டியலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, பிள்ளை எழுதிய நோட்டைப் படம் எடுத்துக் கருவியைத் திருத்தச் சொல்வது. மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில் ன எது ண எது என்று எனக்கே சில நேரம் புரிவதில்லை. அது பிள்ளையின் பிழையைத் தானாகவே சரியாக்கிப் படித்துவிட்டு, பிழையே இல்லை என்று சொல்லிவிடுகிறது.

நேரக் கணக்கைப் பாருங்கள். உங்கள் மேசையில் கருவி இருந்து, தாள் தயாரிக்கும் வேலை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது? பதிவேடு எழுதுவதற்கும் வாட்ஸ்அப்பில் படம் போடுவதற்கும் போனால் ஏஐ வந்தும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றால் 11 பேருக்கு 33 நிமிடம், ஒரு பாடவேளைக்குள் அடங்கிவிடும். மற்ற 23 பேருக்கு அந்த நேரத்தில் எழுத்து வேலை. அதற்கான தாளையும் கருவியை வைத்தே முந்தின நாள் தயார் செய்துகொள்ளலாம், அவர்களுக்கு எழுத்துக் கட்டுப்பாடு இல்லை என்பதால் அது சுலபம். தினமும் முடியாது. வாரம் மூன்று நாள் முடிந்தாலே பெரிய விஷயம். அந்த 11 பேர் உங்கள் தோளை ஒட்டி உட்கார்ந்து வாசிக்கிற அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

நிர்வாகத்திடம் எப்படிச் சொல்வது? சேர்க்கை நோட்டீசில் "ஏஐ வகுப்பறை" என்று போட வேண்டும் என்பது அவர்கள் கவலை, அதில் தப்பில்லை, பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஆயிரம் நெருக்கடி. ஆசிரியர் ஏஐ பயன்படுத்தி ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கும் தனித் தாள் தயாரிக்கிறார் என்று போட்டுக்கொள்ளட்டும். அது உண்மையும்கூட, பெற்றோர் காதுக்கும் நன்றாக இருக்கும். ஐந்தாவது டேப்லெட் வாங்கித் தருவதாகச் சொன்னால், அதற்குப் பதில் ஒரு சிறிய பிரிண்டரும் மாதம் இரண்டு கட்டுக் காகிதமும் கேளுங்கள். எங்கள் ஆசிரியர்கள் பாதிப் பேர் ஜெராக்ஸ் செலவைக் கைக்காசில் போட்டுத்தான் இதைச் செய்தார்கள். சிலர் அதனாலேயே நிறுத்தியும் விட்டார்கள்.

வருகிற வாரம் எல்லாருக்கும் ஆரம்பிக்க வேண்டாம். எழுத்து ஓரளவு தெரிந்து, கூட்டிப் படிக்கத் திணறுகிற ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தெரிந்த எழுத்துகளில் இருபது சொல்லை நீங்கள் எழுதுங்கள், வாக்கியங்களைக் கருவியிடம் கேளுங்கள், வந்ததில் அவனுக்குத் தெரியாத எழுத்து உள்ளவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சியதை அச்செடுக்கும்போது ஒரே பிரதி மட்டும் எடுத்து அவனிடம் கொடுத்து, கையில் பென்சிலோடு பக்கத்தில் உட்காருங்கள். அவன் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் சின்னதாக ஒரு வட்டம் போடுங்கள். ஆறேழு வட்டத்துக்கு மேல் விழுந்தால் தாள் அவனுக்குக் கடினம், அவனைக் குறை சொல்லாமல் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று தயார் செய்யுங்கள். இரண்டு மூன்று வட்டம்தான் என்றால், அந்த எழுத்துகளை வைத்துத்தான் அடுத்த தாள்.